என் மனநல மருத்துவர் இறந்த பிறகு நான் கற்றுக்கொண்டவை

நீண்டகாலம் ஒரே மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவருபவர், அந்த மருத்துவர் திடீரென்று இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. என் மருத்துவர் இறந்தபோது மாத்திரை, பரிசோதனை, பதிவேடு, பணம், துக்கம் எல்லாம் ஒரே வாரத்தில் என் முன் வந்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக, வழிகாட்ட ஆளின்றிக் கடந்தேன். இதை எழுதும்போது அவரைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். எந்தக் குணங்களுக்காக நாங்கள் அவரை அவ்வளவு நேசித்தோமோ, அவற்றில் சிலவே அவர் மறைந்த பிறகு எங்களைப் பெரும் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தின.

அவருடைய அறைக்குள் முதன்முறையாக நுழைபவர்கள், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தயங்குவார்கள். மேசை நிறையப் பிரித்துப் போட்ட பழைய வானொலிப் பெட்டிகளும் திருப்புளிகளும் கம்பிச் சுருள்களும் கிடக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கையில் அவர் குனிந்து ஏதோ ஒரு வானொலியின் உட்புறத்தைத் துருவிக்கொண்டிருப்பார். கவனிக்கவில்லை என்று முதல் சில சந்திப்புகளில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: எவரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்ல முடியாதவற்றை, இருவரும் வேறொரு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதர்களால் சொல்ல முடிகிறது. என் வாழ்க்கையின் மிகவும் வெட்கத்துக்குரிய செய்தியை அவரிடம் சொன்னபோது, என் கையில் ஒரு கைவிளக்கைக் கொடுத்து உள்ளே வெளிச்சம் காட்டச் சொல்லியிருந்தார். சொல்லி முடித்த பிறகே திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பதினைந்து வயதுப் பையனாக இருந்தாலும் "ஐயா" என்றுதான் அழைப்பார். அதே வயதுப் பெண் என்றால் "அம்மா". நோயாளி எழுந்து செல்லும்போது தாமும் எழுந்து வாசல்வரை வருவார். அவருடைய கேள்விகளும் விசித்திரமானவை. "இந்த வாரம் யாரிடம் 'முடியாது' என்று சொன்னீர்கள்?" என்பார். "கடைசியாக எப்போது சலிப்பாக இருந்தது?" என்றும் கேட்பார். எனக்கு உள்ளது பைபோலார் எனப்படும் இருதுருவக் கோளாறு; மனம் சில காலம் மேனியா எனப்படும் அளவுமீறிய எழுச்சியிலும் சில காலம் மனச்சோர்விலும் இருக்கும் நோய். மேனியா நிலை தொடங்கும்போது சலிப்பு என்ற உணர்வே என்னிடமிருந்து காணாமல் போய்விடும் என்பதை அந்தக் கேள்வியின் வழியாகத்தான் நானும் கண்டறிந்தேன்.

இந்நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தைத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு கதையை முழுமையாகச் சொல்லிவிட்டுத்தான் மருந்துச்சீட்டை எழுதுவார். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கியில் மூன்றாண்டுகளுக்கும் மேல் போர்க்கைதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். மெல்போர்னுக்கு அருகே பண்டூராவில் இருந்த மனநல மருத்துவமனையில், ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க வசதி எதுவும் இல்லாமல் கினிப்பன்றிகளுக்கு லித்தியம் செலுத்திப் பார்த்தார். வழக்கமாக மிரண்டு துள்ளும் அந்தப் பிராணிகளை மல்லாக்கக் கிடத்தினாலும் அமைதியாகக் கிடந்தன. தாமே மருந்தை உட்கொண்டு பார்த்த பிறகு, 1948இல் பல ஆண்டுகளாக மேனியாவில் இருந்த ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். அந்த மனிதர் தேறி வீடு திரும்பினார். 1949இல் இந்தக் கண்டுபிடிப்பு மருத்துவ இதழில் வெளிவந்தது. பெரும்பாலானவர்கள் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். என் மருத்துவர் முடிக்கமாட்டார். வீடு திரும்பிய அந்த நோயாளி மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது, மறுபடி மருந்து கொடுத்தார்கள், இறுதியில் 1950இல் லித்தியத்தின் நச்சுத்தன்மையால் அவர் இறந்தார். இரத்தத்தில் லித்தியத்தின் அளவைக் கண்காணிக்கும் வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை. "இவ்வளவையும் கேட்ட பிறகு இந்த மருந்தை எடுத்துக்கொள்ளச் சம்மதமா, ஐயா?" என்று கேட்பார். பயமுறுத்துவது போலத் தோன்றும் இந்தக் கதைதான், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற இரண்டு பாடங்களையும் என் மனத்தில் அழியாமல் பதித்தது. அவர் இல்லாத நாட்களில் என்னைக் காத்ததும் அதுதான்.

அவர் கணினியைத் தொட்டதே இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார்; அதில் தாமே உருவாக்கிய குறியீடுகளில் எழுதுவார். பரிசோதனைத் தேதிகளெல்லாம் அவர் நினைவில்தான் இருந்தன. குறித்த நாளில் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, நாளை காலை மாத்திரை போடுவதற்கு முன் இரத்தம் கொடுங்கள்" என்பார். இவ்வளவு பேரை ஒரு மனிதர் தம் நினைவிலேயே சுமக்கிறார் என்பது எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. அந்த நினைவு ஒருநாள் அவருடனேயே போய்விடும் என்று எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மாரடைப்பால் அவர் இறந்த செய்தி எனக்குச் சில நாட்கள் கழித்தே கிடைத்தது. நோயாளிகளின் பட்டியல் என்று தனியாக ஒன்று இல்லாததால், குடும்பத்தினரால் எங்களுக்குத் தகவல் சொல்ல முடியவில்லை. வழக்கமான சந்திப்புக்குப் போனபோது அடுத்த வீட்டுக்காரர்தான் சொன்னார். என்னிடம் அப்போது லித்தியமும், மனநிலையைச் சீராக வைக்கும் மற்றொரு மருந்தான லாமோட்ரிஜினும் ஒரு வாரத்துக்குக் கூடப் போதாது. தூக்கத்துக்காக எடுத்துவந்த குளோனசெபாம் அதைவிடக் குறைவாக இருந்தது. மருந்துச்சீட்டும் காலாவதியாகியிருந்தது. முதல் நாள் எனக்கு அழுகை வரவில்லை. மாத்திரைகளை மேசையில் கொட்டித் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி எண்ணியதற்காக நெடுநாள் எனக்குக் குற்றவுணர்வு இருந்தது. இப்போது இல்லை. அவர் அங்கே இருந்திருந்தால் அவரும் முதலில் அதைத்தான் எண்ணியிருப்பார்.

இந்த இடத்தில் இருப்பவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இது. மூன்று மருந்துகளுக்கும் மூன்று வேறு வகையான ஆபத்துகள் உண்டு. குளோனசெபாம் போன்ற மருந்துகளை நீண்டநாள் எடுத்துவந்து சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால், மெல்லக் குறைத்து நிறுத்துவதைவிட, நோய் திரும்பிவரும் ஆபத்து அதிகம். தற்கொலை எண்ணங்களின் ஆபத்தும் கூடுகிறது. லாமோட்ரிஜினை ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு மேல் விட்டுவிட்டால், பழைய அளவில் நேரடியாகத் தொடரக் கூடாது. கடுமையான தோல் எதிர்வினை வராதிருக்க, மருத்துவரின் மேற்பார்வையில் மிகக் குறைந்த அளவிலிருந்து வாரக்கணக்கில் மீண்டும் ஏற்ற வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்துகளிலும் பராக்சிடின், வென்லாஃபாக்சின் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். ஃபுளுவாக்சிடின் உடலில் நீண்டநாள் தங்குவதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. எனவே கையிருப்பு தீரும்வரை புதிய மனநல மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய மருந்துச்சீட்டையும் காலி அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு பொதுநல மருத்துவரிடமோ மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ சென்று, "என் மருத்துவர் இறந்துவிட்டார், இந்த மருந்துகள் இடையில் நின்றுபோகக் கூடாதவை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடையில் எனக்குக் கொடுக்க மறுத்தார்கள். அன்று கோபம் வந்தது; காலாவதியான சீட்டுக்கு அந்த மருந்துகளைத் தராமல் இருப்பது அவர்களுடைய கடமை. அந்த மருந்தாளுநரே எந்த மருத்துவமனைக்குப் போனால் அன்றே பார்ப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே பாதி நாள் காத்திருந்து, இரண்டு வாரத்துக்கான மருந்தைப் பெற்றேன்.

அதன் பிறகு புதிய மருத்துவரைத் தேடும் படலம் தொடங்கியது. நான் முதலில் பார்த்தவர், என் பெயரைக்கூட முழுதாகக் கேட்காமல், பழைய பதிவுகள் இல்லாததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்று மருந்துகளையும் ஒரே நாளில் மாற்றி எழுதினார். எனக்கு இருப்பது இருதுருவக் கோளாறு என்பதையே அவர் ஐயத்துடன் பார்த்தார். என்னை அறியாத ஒருவருக்கு அந்த ஐயம் வருவது இயல்புதான். ஆனால் நெருக்கடி ஏதும் இல்லாத ஒருவரின், பல ஆண்டுகளாகப் பலன் தந்துவரும் சிகிச்சையை, அறிந்துகொள்வதற்கு முன்பே கலைப்பது என்னால் ஏற்க முடியாததாக இருந்தது. புதிய சீட்டை வாங்கிக்கொண்டு வந்து, அந்த மாற்றத்தைத் தொடங்காமல், அவசரப் பிரிவில் தந்த மருந்தையே தொடர்ந்தபடி இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டேன். இரண்டாவது கருத்தைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. பரிசோதனைகள் எல்லாவற்றையும் மீண்டும் செய்யவேண்டி வந்தது: இரத்தத்தில் லித்தியத்தின் அளவு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம். பரிசோதனைக் கட்டணம், மருத்துவர்களின் கட்டணம், ஊதியமில்லா விடுப்பு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ என் இரண்டு மாத வருமானம் போயிற்று. அதில் பெரும்பகுதியை, என் பழைய அறிக்கைகளின் நகல்கள் என் கையில் இருந்திருந்தால் செலவழித்திருக்கவே வேண்டியதில்லை.

குறிப்பேட்டைப் பெறுவது தனிக்கதை. அவருடைய குடும்பத்தினர் நல்லவர்கள். ஆனால் துக்கத்தில் இருந்தார்கள். ஒரு அறை நிறைய மற்றவர்களின் இரகசியங்கள் அடங்கிய குறிப்பேடுகளை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அறையையே பூட்டி வைத்திருந்தார்கள். அவற்றைத் தாங்கள் திறந்து படிப்பது முறையல்ல என்று அவர்கள் உணர்ந்திருந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். கடைசியில் அவருடைய பழைய நண்பரான மற்றொரு மனநல மருத்துவர் அந்தப் பொறுப்பை ஏற்று, எழுத்துமூலம் கேட்டவர்களுக்கு மட்டும், அவரவர் பக்கங்களின் சுருக்கத்தைத் தயாரித்துக் கொடுத்தார். குறியீடுகளில் பாதி அவருக்கும் விளங்கவில்லை. விளங்கிய பகுதியில், லித்தியத்தின் அளவுகள் ஆண்டுவாரியாக ஒழுங்காக இருந்தன. அவற்றுக்குக் கீழே என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது: "முதலில் தூக்கம் போகும், பிறகு பணம் போகும், கேட்டால் மறைப்பார், காத்திருந்தால் தாமே சொல்வார்." இத்தனை ஆண்டுகளில் என்னை இவ்வளவு சரியாக யாரும் விவரித்ததில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் நான் முதன்முறையாக அழுதேன்.

இத்தகைய நிலைக்காகவே, தமக்குப் பின் நோயாளிகளுக்கு யார் தகவல் சொல்வது, பதிவுகளை யார் பாதுகாப்பது என்று சிகிச்சையாளர்கள் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு; அதைத் தொழில்சார் உயில் என்கிறார்கள். நோயோ மரணமோ தம் பணியை இடைநிறுத்தினால் என்ன செய்வது என்று உளவியலாளர்கள் திட்டமிட்டிருக்க வேண்டும் என அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகளும் கூறுகின்றன. மற்றவர்களின் உயிரை இவ்வளவு அக்கறையோடு காத்த ஒருவர் தம் மரணத்தைப் பற்றி எழுதிவைக்காமல் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவரை நேசிப்பதால் அந்த வலியைச் சொல்லாமல் விட முடியாது.

துக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தந்தையோ நண்பரோ இறந்தால் விடுப்புக் கேட்கலாம், ஆறுதல் சொல்ல ஆட்கள் வருவார்கள். மனநல மருத்துவர் இறந்தார் என்று எந்த அலுவலகத்தில் சொல்வது? சொன்னால், எதற்காக அவரிடம் போனாய் என்ற கேள்வி பின்தொடரும். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980களிலேயே, வெளிப்படையாகத் துக்கம் கொண்டாட உரிமை மறுக்கப்படும் இழப்புகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதை அறிந்தபோது, எனக்கு நேர்ந்தது இதற்கு முன்பும் மனிதர்களுக்கு நேர்ந்திருக்கிறது என்ற ஆறுதலாவது கிடைத்தது.

நான் மனச்சோர்வு வருமென்று அஞ்சிக் காத்திருந்தேன். வந்தது அதற்கு நேர்மாறானது. அவரைப் பற்றி ஒரு பெரிய நினைவு நூல் எழுத வேண்டும் என்ற எண்ணம் ஒரு நள்ளிரவில் தோன்றியது. அன்றிரவு முழுவதும் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். மூன்று மணி நேரமே தூங்கினாலும் களைப்பில்லை. அச்சகத்தாரிடம் விலை கேட்டேன், அறிமுகமற்றவர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினேன், அவருடைய வானொலிகளுக்கு ஒரு காட்சியகம் அமைக்க முன்பணம் கொடுக்கவும் தயாரானேன். அன்பினால் செய்கிறேன் என்பதால் அதில் நோய் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைத் தடுத்தது, அவர் சொல்லிக்கொடுத்து நான் நாள்தோறும் குறித்துவந்த மனநிலை வரைபடம். தூங்கிய மணிநேரம் ஐந்துக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்தால் சிவப்புக் கோடு போட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். கோட்டைப் போட்டபோது, கடைசியாக எப்போது சலிப்பாக இருந்தது என்ற கேள்வியும் நினைவுக்கு வந்தது. அன்றே மருத்துவமனைக்குப் போனேன். நெருங்கியவரின் மரணம் மனச்சோர்வை மட்டுமன்றி மேனியாவையும் தூண்டக்கூடும். துக்கத்தில் தூக்கம் கெட்டவர் பகலில் சோர்ந்து விழுவார். தூக்கமின்றியும் ஆற்றல் பெருகிக்கொண்டே போனால் அது வேறு செய்தி. இருதுருவக் கோளாறு உள்ளவர்கள் துக்க காலத்தில் தங்கள் தூக்கத்தைக் கவனித்துச் சொல்ல நம்பிக்கையான ஒருவரை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அந்தக் காலத்தில் பெரிய தொகையை யாருக்கும் உடனே கொடுப்பதில்லை என்று முன்பே எழுதிவைத்துக்கொள்வதும் உதவும்.

பின்னர் நடந்த நினைவுக் கூட்டத்தில், மேடையில் பேசியவர்களில் பாதிப்பேர் தங்களை அவருடைய "நண்பர்" என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். கைவிளக்கைப் பிடித்த கதையை ஒருவர் சொன்னபோது அரங்கில் பலர் சட்டென்று நிமிர்ந்ததைப் பார்த்து, நாங்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டோம். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இத்தகைய கூட்டத்தில் பேச விரும்புபவர்கள், தங்கள் நோயைச் சொல்வதா வேண்டாமா என்பதை மேடை ஏறும் முன்பே, மனம் அமைதியாக இருக்கும்போது முடிவுசெய்துகொள்ள வேண்டும். உணர்ச்சிப் பெருக்கில் சொல்லிவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. காத்திருப்பு அறையில் பார்த்த இன்னொருவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அவர் சொந்தமாகச் சொல்லாதவரை அது அவருடைய இரகசியம். நான் பேசினேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையையும் எழுந்து நின்று வழியனுப்பிய மனிதர் என்று சொன்னேன்.

இப்போது நான் பார்க்கும் மருத்துவர் இளையவர். அவர் மேசையில் கணினியைத் தவிர எதுவும் இல்லை. முதல் சில மாதங்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் மனத்துக்குள் பழையவருடன் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். சொன்ன பிறகு ஒப்பீடு குறைந்தது. புதியவரிடம் போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நோயின் பெயர், அது உறுதியான ஆண்டு, இப்போதைய மருந்துகளும் அளவுகளும், முன்பு கொடுத்து ஒத்துக்கொள்ளாதவை, ஒவ்வாமை, மருத்துவமனையில் சேர்ந்த காலங்கள், நோய் திரும்புவதன் முதல் அறிகுறிகள், ஆபத்து வந்தால் யாரை அழைப்பது ஆகியவை அதில் இருந்தால் போதும். லித்தியம் எடுப்பவர்கள் கடைசிப் பரிசோதனை அளவையும் எழுத வேண்டும். கடைசி வேளை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல்வரை வைத்திருப்பார்கள், சிலருக்கு 1.0வரை. நிலைத்த அளவில் இருப்பவர்களுக்கும் சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தேவை. வலிக்கு இபுப்ரோஃபென் போன்ற மாத்திரையைத் தாமாக எடுப்பதும், வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போவதும் லித்தியத்தின் அளவை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகும். கை நடுக்கம் மிகுந்து, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால் அடுத்த வேளை மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பரிசோதனைத் தேதிகளை முன்பு எனக்காக ஒருவர் நினைவில் வைத்திருந்தார். இப்போது நானே குறித்துவைக்கிறேன். ஒவ்வொரு அறிக்கையின் நகலும் என்னிடம் இருக்கிறது, ஒரு பிரதி என் சகோதரியிடமும் இருக்கிறது.

புதியவரிடம் முதல் நாளே ஒன்று கேட்டேன்: "உங்களால் பார்க்க முடியாத நிலை வந்தால், டாக்டர், நான் யாரிடம் போக வேண்டும்?" கேட்கும்முன் தயங்கினேன், அபசகுனமாக எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் சிறிதும் முகம் மாறாமல், தமக்குப் பதிலாகப் பார்க்கும் மருத்துவரின் பெயரையும் எண்ணையும் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்து, இதை எல்லா நோயாளிகளும் கேட்க வேண்டும் என்றார்.